8 சனிக்கிழமை, 90 யூரோ: போலோனியாவில் ஓர் உச்சரிப்பு வகுப்பு

இத்தாலியின் போலோனியா நகருக்கு வந்த புதிதில் ரயில் நிலையத்தில் "மொதேனா" என்று டிக்கெட் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா முழித்தார். தாளில் எழுதிக் காட்டியதும், "ஆ, மோதெனா!" என்றார். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் சேர்ந்ததுதான் வெளிநாட்டவர்களுக்கான இந்தச் சின்ன இத்தாலிய உச்சரிப்பு வகுப்பு.

ஆசிரியை ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர். முதல் இரண்டு வாரமும் மேசையைத் தட்டித் தட்டி அசை பிரிக்கவைத்தார். பல்-லா என்றால் பந்து. இரட்டை மெய் நமக்குப் பிரச்சினையே இல்லை, பலியும் பல்லியும் சொல்லி வளர்ந்த நாக்கு. நான் இடறியது பாஸ்தாவில். பாஸ்-தா என்று பிரித்தேன்; பா-ஸ்தாவாம். 'ஸ்' அடுத்த மெய்யோடு ஒட்டிக்கொண்டுதான் போகும்.

அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதுதான் பெரிய தலைவலி. பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ஆனால் மோதெனா, நாபொலி, ஊதினெ என்ற ஊர்ப் பெயர்களில் எல்லாம் அதற்கும் முந்தைய அசையில். எழுத்தில் அடையாளமே இருக்காது. கடைசி அசையில் விழுந்தால் மட்டும் மேலே கோடு போடுவார்கள். நான் நோட்டில் அழுத்தமான உயிரை நெடிலாக எழுத ஆரம்பித்தேன். கபீதொ என்றால் 'புரிந்தது', காபிதொ என்றால் 'தற்செயலாக வந்து சேர்கிறேன்'. இரண்டுக்கும் இத்தாலிய எழுத்து ஒன்றே! பல்லா மாதிரி மெய்யில் முடியும் அசையில் உயிர் நீளாது, அங்கே இந்த வித்தை பலிக்காது.

ஐந்தாவது வார வகுப்புக்கே 90 யூரோ கொடுக்கலாம். ஆபிதொ, 'வசிக்கிறேன்'. 'வசிக்கிறார்கள்' என்பதை ஒரு வருடமாக அபிதானொ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபிதனொவாம். 'நான்' வடிவத்தில் அழுத்தம் எந்த அசையிலோ, 'அவர்கள்' வடிவத்திலும் அங்கேயே நிற்கும். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குறைகளும் உண்டு. கொடுத்த ஜெராக்ஸ் தாள்களில் அழுத்தக் குறியே இல்லை, அதற்கான வகுப்பில்! ஒலிப்பதிவும் தரவில்லை. 14 பேர் என்பதால் ஒரு வகுப்பில் மூன்று முறை வாய் திறந்தால் அதிகம். ஒரு சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்தார்கள், ஈடாக இன்னொரு நாள் வைக்கவில்லை.

இத்தாலிக்கு வந்த உடனே சேராதீர்கள். ஆறு மாதமாவது கடையிலும் பஸ்ஸிலும் தப்பும் தவறுமாகப் பேசிவிட்டுப் போனால், எந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.