ஏடிஎச்டி மாத்திரை மாறும்போது கடையில் ஏமாறாதீர்கள்: காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் ஏடிஎச்டிக்கு (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) மருந்து சாப்பிடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதும் அந்தச் சில வாரங்களில்தான் ஏமாற்று வேலையும் அலட்சியமும் உள்ளே நுழைகின்றன.

நடந்தது இதுதான். ஒன்பது வயதுப் பையன். சாதாரண மெதில்ஃபெனிடேட் 5 மி.கி. மாத்திரையை நிறுத்திவிட்டு, பகல் முழுக்க மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் 18 மி.கி. மாத்திரை, காலையில் ஒன்று என்று மதுரை மருத்துவர் மாற்றி எழுதினார். ஊருக்குத் திரும்பி ஒரு கடையில் சீட்டைக் காட்டியபோது அந்த மாத்திரை அங்கே இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். "அதே மருந்துதாண்ணே, பத்துப் பத்தா இருக்கு. காலையில ரெண்டாப் போட்டுருங்க, சரியாப் போயிரும்" என்று சாதாரண 10 மி.கி. மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டிக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டில் பெயர் பாதி, காலாவதித் தேதி இல்லவே இல்லை. பில்லும் தரவில்லை. அட்டையில் போட்ட விலைக்கு மேல் வாங்கியது தனி.

பையன் காலை பத்து மணி வகுப்பில் வாய் திறக்காமல் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு படபடக்கிறது என்றான். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது. மதியம் அடங்காத ஆட்டம், சாயங்காலம் காரணமில்லாத அழுகை. "புது மாத்திரை ஒத்துக்கலை" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மருத்துவரும் வேறு மருந்துக்குப் போக இருந்தார். வெட்டிய அட்டைத் துண்டு மேசைமேல் வந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. ஒத்துக்கொள்ளாத புது மாத்திரையைப் பையன் ஒருநாள்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

இதில் கணக்கைப் பாருங்கள். 18, 36 என்ற அளவுகளில் வரும் நீண்ட நேர மாத்திரையில் 18 மி.கி. என்பது, சாதாரண 5 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை கொடுப்பதற்கு ஏறக்குறைய சமம். கடையில் சொன்னபடி கொடுத்தால் ஒரே வேளையில் 20 மி.கி. உள்ளே போகிறது. பிள்ளை பழகியிருந்த வேளை அளவைப்போல் நான்கு மடங்கு. சாதாரண மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். நீண்ட நேர மாத்திரை வகையைப் பொறுத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. நீண்ட நேர மாத்திரையை உடைத்தாலோ, மென்றாலோ, பொடித்துத் தேனில் குழைத்தாலோ இதே ஆபத்துதான்: நாள் முழுவதற்குமான மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சில வகைகளில் மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வெளியே வரும். அது வெற்றுக்கூடு, மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது. அதைக் காட்டி, "கரையவே இல்லை, அது போலி, வேற கம்பெனி தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெதில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்க வேண்டியது. அதை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டின் பிரதியைக் கேட்காமலே இந்த மருந்தை எடுத்து நீட்டும் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை. அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுப்பதையும் மருந்து விதி 65 தடுக்கிறது. அதே மூலப்பொருள் என்ற சமாதானம் அங்கே செல்லாது. இல்லாத மருந்துக்கு மருத்துவரிடம் போன் செய்து கேட்பதுதான் முறை. வேறு மாத்திரைதான் கொடுக்க வேண்டும் என்றால் அதையும் மருத்துவரே புதிதாக எழுதித் தர வேண்டும்.

கவுன்டரை விட்டு நகருமுன் அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள். மருந்தின் பெயர், மி.கி., பெயருக்குப் பின்னால் வந்து நீண்ட நேர வகை என்று காட்டும் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., ஓ.டி. போன்ற எழுத்துகள், காலாவதி, விலை. இரண்டு இடங்களில் தடுமாற வாய்ப்புண்டு. மருத்துவர் சீட்டில் ஓ.டி. என்று எழுதினால் நாளுக்கு ஒருமுறை என்று பொருள். அட்டையில் பெயரோடு சேர்ந்து வந்தால் அது நீண்ட நேர வகை. சீட்டில் மட்டும் ஓ.டி. இருந்து, எந்த வகை என்று எழுதவில்லையென்றால் மருத்துவர் அறையிலேயே கேட்டுத் தெளிவாக எழுதி வாங்குங்கள். அடுத்தது, அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் இருக்கும் எக்ஸ்-ஆர்-எக்ஸ் குறி. அது அட்டவணை எக்ஸுக்கான அடையாளம், சாதாரண மாத்திரையிலும் இருக்கும். அதை எக்ஸ்.ஆர். என்று படித்து நீண்ட நேர மாத்திரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதுரைக்கும் திருச்சிக்கும் மாதாமாதம் அலைவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கஷ்டத்தை வைத்துத்தான் அடுத்த வலை: "வீடியோவில் டாக்டரைப் பாருங்கள், மாத்திரை கூரியரில் வரும்." 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், அட்டவணை எக்ஸ் மருந்துகளைத் தொலைவழியாக எழுதுவதையே தடை செய்கின்றன. மெதில்ஃபெனிடேட்டை வீடியோவில் எழுதித் தருகிறேன் என்பவர் விதியை மீறுகிறார். பார்சலில் என்ன வரும் என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. பயணத்துக்கு வழி, மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்புவதும், சீட்டு வாங்கிய ஊரிலேயே மருந்தை வாங்கிவிடுவதும்தான்.

ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான அட்டொமாக்ஸெட்டினுக்கு மாற்றினால் ஏமாறும் விதம் வேறு. இந்த மருந்து எடை பார்த்துத் தொடங்குவது: கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில் ஆரம்பித்து, கிலோவுக்கு 1.2 மி.கி. வரை ஏற்றுவார்கள். 24 கிலோ பிள்ளைக்கு முதலில் 10 மி.கி., பிறகு 18, பிறகு 25 என்று போகலாம். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் தெரிவது குமட்டலும் வயிற்றுவலியும் தூக்கமும் மட்டுமே. அந்த இடைவெளியில்தான் மூளைக்கு நல்லது என்று பொடி விற்கும் மூளைப்பொடிக்காரர்கள் வருகிறார்கள். "மூணு மாசம் குடுங்க ஆச்சி, இங்கிலீஷ் மாத்திரையே வேண்டாம்" என்பார்கள். ஆறாவது வாரம் பிள்ளை கொஞ்சம் நிதானப்படும்போது பேர் பொடிக்குப் போய்விடும், மாத்திரை நின்றுவிடும். டப்பாவில் உள்ளடக்கமும் உரிம எண்ணும் இல்லாத பொடி எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் கவனத்தையே கெடுக்கும் நஞ்சு.

10 மி.கி. கேப்சூல் கிடைக்கவில்லை என்று 18-ஐத் திறந்து பாதியாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் உண்டு. அட்டொமாக்ஸெட்டின் கேப்சூலைத் திறக்கவே கூடாது; உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிச்சலைத் தரும், பாதி என்பதும் வெறும் கண் மதிப்பு. தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் பிள்ளை "செத்துப் போயிடலாம்" என்பதுபோல் ஏதாவது சொன்னால் விளையாட்டுப் பேச்சென்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். இரவானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது என்றால் அடுத்த கேப்சூல் கொடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

ஏடிஎச்டிக்குத் தரும் மற்றொரு மருந்தான குளோனிடினைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று, ஆனால் உயிர் விஷயம். "ஸ்டாக் இல்லை, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் எகிறும். இதை மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன படியில். இதன் அளவு மைக்ரோகிராமில் வரும். 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மி.கி.; புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

மருந்து மாறும் வாரங்களில் ஒரு நோட்டில் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: மாத்திரை கொடுத்த நேரம், மதியச் சாப்பாடு எவ்வளவு இறங்கியது, குணம் மாறிய நேரம், தூங்கிய நேரம். மாத்திரையின் பலன் குறையும் நேரத்தில் வரும் சிடுசிடுப்பு தினமும் ஒரே மணிக்கு வந்தால் அது பிள்ளையின் பிடிவாதமில்லை, மருந்தின் வேலை. மருத்துவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் ஒவ்வொரு அளவு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை எடை. காலையில் மாத்திரைக்கு முன் நெய் விட்ட இட்லியோ இடியாப்பமோ கொடுத்துவிட்டு, பசி திரும்பும் சாயங்காலத்தில் கும்மாயம், பணியாரம் என்று கனமாகக் கொடுத்தால் எடை அவ்வளவாக இறங்காது. அப்பத்தா வீட்டில் பிள்ளை இருக்கும் நாளில் இதை அவர்களிடமும் சொல்லிவையுங்கள். மதியம் சாப்பிடாததற்குத் திட்டிப் பயனில்லை. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பில் ஃபீனைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்தால் மெதில்ஃபெனிடேட்டோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

தவறான மாத்திரை வந்துவிட்டது தெரிந்தால் முதலில் மருத்துவருக்குப் போன். பிள்ளைக்கு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 108. பிறகு சீட்டு, அட்டை, பில் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். பக்கவிளைவைப் பதிய 1800-180-3024, நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மீதி மாத்திரையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "மாத்தித் தர்றோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டால் எந்த மருந்து கொடுத்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.