‘நீதவானைத் தெரியும்’ என்றவரை நம்பித் தம்பியின் வழக்கைக் கொடுத்தோம்

வீட்டில் ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் இரவு எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த இரவில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். திருகோணமலையில் இன்னொரு குடும்பம் இதே குழியில் விழக்கூடாது. ஆட்களின் பெயர் போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடு திருக்கடலூர்ப் பக்கம். தம்பிக்கு இருபத்தாறு வயது. கட்டாரில் வேலை சரிவந்து, மெடிக்கலும் முடித்து, விசாவுக்குக் காத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லை மதில் விஷயத்தில் பக்கத்து வளவுக்காரரோடு வாய்த்தர்க்கம். இரண்டு பேரும் தள்ளுப்பட்டதில் அவர் கல்லில் விழுந்து கையில் அடி. தம்பி தள்ளியது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பொலிஸுக்குப் போன முறைப்பாட்டில் தம்பி கம்பியால் அடித்ததாக இருந்தது. அன்றிரவே கைது.

இரவு ஒன்பது மணி இருக்கும். நானும் அப்பாவும் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நிற்கிறோம். சாப்பாட்டுப் பார்சல் என் கையில் சூடாறிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அந்த ஆள் வந்தார். நல்ல சேர்ட், கையில் ஒரு நீல நிறக் கோப்பு. “அக்கா, தம்பியோ உள்ளுக்கு? ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. நம்மட லோயர் இருக்கிறார், நீதவானை நல்லாத் தெரியும். நாளைக்கே வெளியில எடுத்துப் போடலாம்.”

அப்பா இன்றைக்கும் லோயரைப் ‘பிரக்கிராசியார்’ என்றுதான் சொல்வார். கோட்டுப் படியே மிதிக்காத மனிதர். அந்த ஆள் பேசப் பேச அப்பாவின் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கோப்பில் இருந்த ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் காட்டினார். லோயருக்கு 75,000. ‘உள்ளே கொடுக்க’ 50,000. ‘பைல் செலவு’ 25,000. மொத்தம் ஒன்றரை இலட்சம். காலையில் கடை திறந்ததும் என் தாலிக்கொடியையும் இரண்டு காப்பையும் அடகு வைத்துக் காசைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, “இதுக்கெல்லாம் ரசீது எழுதினா எல்லாருக்கும் பிரச்சினை அக்கா” என்றார். நானும் அதை நியாயம் என்று நினைத்தேன்.

அந்த 50,000 நீதிமன்றத்துக்குள் யாருக்காவது போனது என்று நான் நம்பவில்லை. அது அந்த ஆளின் சட்டைப் பையைத் தாண்டியிருக்காது. ஆனால் லஞ்சம் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அது பெரிய பிழை. அந்தக் காசைப் பற்றி வெளியில் வாய் திறக்கவும் அதனால்தான் இவ்வளவு காலம் பயந்தேன். இவர்கள் நம்பியிருப்பதே அந்தப் பயத்தைத்தான்.

திங்கட்கிழமை தம்பியை நீதவான் முன் கொண்டுவந்தார்கள். கைது செய்த ஒருவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். லோயரை நான் அதுவரை கண்ணால் காணவில்லை. ‘உள்ளே நிற்கிறார்’ என்று காசு வாங்கிய அந்தப் புரோக்கர் சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கைக் கூப்பிட்டார்கள். பொலிஸார் பீ அறிக்கையை, அதாவது விசாரணை பற்றி நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கையை வாசித்து, விசாரணை முடியவில்லை, பிணை வழங்க வேண்டாம் என்றார்கள். தம்பிக்காக எழுந்து நின்று பேச ஒருவரும் இல்லை. 14 நாள் விளக்கமறியல். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே வந்து கேட்டால், “லோயருக்கு மேல் நீதிமன்றத்தில ஒரு வழக்கு, அடுத்த தவணைக்கு கட்டாயம் வருவார்” என்றார் புரோக்கர். பஸ் நிலையத்தடிக்கு நடந்து வந்து அப்பாவும் நானும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். காலையில் வாங்கிய சாப்பாட்டுப் பார்சலை யாரும் தொடவில்லை. அதை விரித்து வைத்ததும், அந்தப் பக்கம் திரியும் மான்களில் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போனது.

அடுத்த தவணைக்கு ஒரு ஜூனியர் வந்தார். சின்னப் பையன், வழக்கு என்னவென்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஆனாலும் எழுந்து நின்று பிணை கேட்டார். நீதவான் பிணை கொடுத்தார். ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை, அதாவது காசு கட்டாமல் இரண்டு பேர் பொறுப்பேற்று ஒப்பம் வைப்பது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்றே எழுதியிருக்கிறது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். முதல் நாளே யாராவது எழுந்து நின்றிருந்தால் கிடைத்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கவே ஆள் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பிணை கிடைத்தும் தம்பி அன்று வீட்டுக்கு வரவில்லை. பிணையாளிகள் இரண்டு பேர் அடையாள அட்டையோடும் கிராம சேவகரின் சான்றிதழோடும் அங்கே தயாராக நிற்க வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் சித்தப்பாவைப் பிடித்து, கிராம சேவகரைத் தேடினால் அன்று அவர் பிரதேச செயலகத்தில் கூட்டத்தில். தம்பி திரும்பவும் சிறைக்குப் போனான். மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தான். ஒன்றரை இலட்சம் வாங்கியவர்கள் சொல்லாத அந்த ஒரு வரியால் போன மூன்று நாள் அது. இதை எழுதும்போதும் நெஞ்சு பதறுகிறது.

இனித்தான் முக்கியமான இடம். காசு போனதை விட இது பெரியது.

சில மாதம் கழித்துக் குற்றச்சாட்டு வாசிக்கும் தவணை. கம்பி எதுவும் கிடைக்காததால் அந்தக் கதை கைவிடப்பட்டிருந்தது. பாரதூரமான காயம் விளைவித்தது என்று, தண்டனைச் சட்டக்கோவையின் 316ஆம் பிரிவில் வழக்கு. ஏழு வருடம் வரை சிறை விதிக்கக்கூடிய பிரிவு அது. அன்றுதான் அந்த லோயரை முதன்முதலாக நேரில் கண்டோம். நடைபாதையில் நின்றபடியே தம்பியிடம் சொன்னார்: “தம்பி, நீர் பொலிஸில வாக்குமூலம் குடுத்து ஒப்பமும் வைச்சிட்டீர். இனி வழக்காடி வேலையில்லை. குத்தத்தை ஒத்துக்கொள்ளும். தண்டப்பணத்தோட முடிச்சுத் தாறன். வெளிநாடு போகவேணுமெண்டால் இழுக்கக் கூடாது.”

தம்பி ஒத்துக்கொண்டான். ‘குற்றவாளி’ என்று அவன் வாயால் சொன்ன சத்தம் பின்வரிசையில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பழைய குற்றங்கள் உண்டா என்று விரலடையாள அறிக்கை வர வேண்டும் என்று தண்டனையை இரண்டு கிழமைக்கு ஒத்திவைத்தார்கள்.

அந்த இரண்டு கிழமைதான் எங்களைக் காப்பாற்றியது. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். கதையைக் கேட்டவர் முதலில் கேட்டது, “குற்றத்தீர்ப்புப் பதிவானால் பொலிஸ் கிளியரன்ஸில அது வருமே, பிறகு எந்தக் கட்டார்?” நாங்கள் வெளிநாடு போக வேண்டும் என்றே ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்டதே வெளிநாட்டுக் கதவைச் சாத்துகிற வேலை என்று லோயருக்குத் தெரியாமலா இருக்கும்?

மாமா அடுத்த நாளே என்னைப் பதிவாளர் கந்தோருக்குக் கூட்டிப் போய், வழக்கேட்டின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பம் போட வைத்தார். அதற்குக் கட்டணம் சிறிதுதான். ஒவ்வொரு தவணையிலும் யார் தோன்றினார்கள், என்ன சொன்னார்கள் என்று அந்தத் தாள்களில் இருக்கிறது. முதல் தவணையில் எதிரிக்காக, அதாவது தம்பிக்காக, யாரும் தோன்றவில்லை என்று எழுதியிருந்ததை என் கண்ணால் வாசித்தேன். ‘உள்ளே நிற்கிறார்’ என்ற பொய்க்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பிரதியோடு வேறொரு லோயரிடம் போனோம். ஒரு மிஸ். அவர் என்னைப் பேச விடவில்லை. “நீங்கள் வெளியில இருங்கோ, அக்கா. நடந்ததை அவர்தான் எனக்குச் சொல்லவேணும்” என்று தம்பியை உள்ளே வைத்து முக்கால் மணித்தியாலம் கேட்டார். அதுவரை ஒரு லோயரும் அவனிடம் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, தவணைக்கு எவ்வளவு என்று முதலே சொல்லி, வாங்கிய காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். வெல்லுவோம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “இதைச் செய்து பார்க்கலாம், நீதவான் அனுமதிக்க வேண்டும்” என்றுதான் சொல்வார்.

அவர் சொன்ன இரண்டு விஷயத்தை அப்படியே தருகிறேன். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, அதைக் கொடுத்தவருக்கு எதிராக நிறுவ முடியாது. அதாவது, ஒப்பம் வைத்துவிட்டாய் இனி வேலையில்லை என்ற பேச்சே பிழை. அந்த வாக்குமூலமும் சிங்களத்தில் எழுதப்பட்டது, தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழ் நிர்வாக மொழியாக உள்ள கிழக்கு மாகாணத்தில் இதை அந்த முதல் லோயர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்றது, நீதிமன்றத்தில் ‘குற்றவாளி’ என்று சொன்ன ஒப்புதலைத் தண்டனை விதிக்கும் முன் நீதவானின் அனுமதியோடு மீளப் பெறலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 183ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை விதித்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். எங்களுக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள்.

மிஸ் நகர்த்தல் பத்திரம், அதாவது நீதிமன்றத்திடம் கேட்கும் எழுத்து விண்ணப்பம் போட்டு, காரணங்களைச் சொன்னார். நீதவான் அனுமதித்தார். சட்ட வைத்திய அறிக்கையைக் கேட்டு எடுத்துப் பார்த்தால், முதல் நாள் படிவத்தில் எலும்பு முறிவாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த பிறகு வந்த அறிக்கையில் முறிவு இல்லை. முறிவு இல்லாத, தையல்கூடப் போடாத காயத்துக்குத்தான் தம்பி 316இல் குற்றவாளி என்று சொல்லியிருக்கிறான்! குற்றச்சாட்டு 314ஆம் பிரிவுக்கு, சாதாரண காயத்துக்குத் திருத்தப்பட்டது. அது அடிபட்டவர் சம்மதித்தால் இணக்கமாக முடிக்கக்கூடிய குற்றம். அப்பா ஒரு நாள் பின்னேரம் தனியாகவே பக்கத்து வளவுக்குப் போய், அவருடைய வைத்தியச் செலவைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு வந்தார். அடுத்த தவணையில் இணக்கம் பதிவானது. இணக்கமாக முடிந்தால் அது விடுதலையாகவே கொள்ளப்படும். மதிலை இரண்டு வீடும் சேர்ந்து கட்டினோம்.

மிஸ்ஸுக்குக் கொடுத்த மொத்தக் காசு, முதல் கொடுத்ததில் மூன்றில் ஒன்றும் வராது.

காசில்லை என்பவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் லோயர் தருவார்கள். எங்களுக்கு அது அன்று தெரியாது, தெரிந்திருந்தால் தாலிக்கொடி வீட்டிலேயே இருந்திருக்கும். பொலிஸ் நிலையத்துக்கே உங்கள் லோயர் வந்து உங்களுக்காகப் பேசலாம் என்பதற்கும் 2012 முதல் விதி இருக்கிறது. ஆகவே அந்த இரவில் லோயரையே நேரில் வரச் சொல்லுங்கள். வராதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சட்டத்தரணி ஒருவர் ஏமாற்றினார், தொழில் முறைகேடு செய்தார் என்றால் அவரை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு அனுப்ப வேண்டும். நாங்கள் வழக்கேட்டுப் பிரதியையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். 50,000 கொடுத்ததையும் மறைக்காமல் எழுதினேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன கிழமை பொலிஸ் நிலையப் பக்கம் போனபோது அந்தப் புரோக்கரைக் கண்டேன். அதே நீல நிறக் கோப்பு. ஒரு வயதான அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றார். நான் ஓட்டோவை நிற்பாட்டி இறங்கிப் போய், அவருக்கு முன்னாலேயே அந்த அம்மாவின் கையைப் பிடித்து, “அம்மா, லோயரை நேரில கண்டனீங்களோ?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினா. அவவைச் சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிப் போனேன்.