கையில புடிக்கிற விஎச்எஃப் செட்டு (கடல்ல பேசுற ரேடியோ), 6 மாசம் கடல்ல வச்சுப் பாத்தாச்சு

மண்டபத்துல நாட்டுப்படகு வச்சிருக்கேன். இத வாங்குனதுக்குக் காரணமே போன தடவ நடந்த சாகர் கவாச் ஒத்திகைதான். தீவிரவாதி மாதிரி வேசம் கட்டி போட்டுல வர்றவங்கள நேவி, கோஸ்ட் கார்டு, மரைன் போலீசு எல்லாம் சேந்து கரையேற விடாம புடிக்கணும், அன்னைக்கு கடல்ல நிக்கிற நாம பூராவும் சந்தேகக் கேசுதான். ரேடியோவுல ரொம்ப நேரமா கூப்புட்டுருக்காக, எங்கிட்ட செல்போனு மட்டும்தான், அதுலயும் டவர் இல்ல. கிட்ட வந்து கார்டு, படகு நம்பரு, ஐஸ்பெட்டி வரைக்கும் தெறந்து பாத்துட்டுத்தான் விட்டாக, அதுக்குள்ள நண்டு வலை இழுக்குற நேரம் போயே போச்சு.

செட்டு 5 வாட்ஸ். மிதக்கும்னு டப்பாவுல போட்டுருந்துச்சு, நம்பாம கயித்தக் கட்டி தண்ணியில எறிஞ்சேன், மிதந்துச்சு. தூரம் மட்டும் டப்பாவுல சொல்ற கதைய நம்பாதீங்க, படகுக்கும் படகுக்கும் 4, 5 கடல் மைல் தாண்டுனா கரகரப்புதான். கரையில ஏரியல் ஒசரத்துல இருக்கதால அவங்க பேசுறது நல்லா கேக்குது. சில ராத்திரி சிங்களமும் வரும்.

ஒரு கொடுமை என்னன்னா கடைக்காரரு அமெரிக்கா மோடுலயே குடுத்துட்டாரு. சில சேனலு மோடுக்கு மோடு மாறும், ஆனா மொதல்ல கூப்புடுற 16-வது சேனல் எல்லா மோடுலயும் ஒன்னுதான், அதனால ஒரு மாசம் எனக்குத் தெரியவே இல்ல, வேற சேனலுக்கு மாறுங்கன்னு சொன்னப்ப ஒரு பக்கமா பேசிக்கிட்டு கெடந்தேன். நேவில இருந்து ரிட்டயர்டான மச்சான் வந்து இன்டர்நேஷனல் மோடுக்கு மாத்திட்டு ஒரே சிரிப்பு. "மாப்ள, இதுக்குத்தான் நாடு நாடா கூடி ஒத்திகை பாக்குறது, சுடுறதத்தான் டிவில காட்டுவான், யாரு எந்த சேனல்ல எப்படி பேசணும்னு சரிக்கட்டுறதுலயே பாதி உசுரு போகும்"னாரு. அவரு சொன்ன மாதிரி நாடுக கூடி நடத்துற மலபார்ங்கிற கடற்படை ஒத்திகை 1992ல இந்தியா அமெரிக்கா ரெண்டோட ஆரம்பிச்சது, 2015ல ஜப்பான் நிரந்தரமா சேந்து, 2020ல ஆஸ்திரேலியா திரும்ப வந்து நாலு நாடாச்சு, 2024ல விசாகப்பட்டினத்துல நடந்துச்சு. அந்தக் கப்பல நம்ம பக்கம் பாக்கலாம்னு இருக்காதீங்க, பாக் ஜலசந்தியில ஆழம் பத்தாது, பெருசெல்லாம் இலங்கைய சுத்தித்தான் போகும். நமக்கு உச்சிப்புளியில இருக்க ஐஎன்எஸ் பருந்து நேவி விமானத் தளத்துல இருந்து தலைக்கு மேல பறக்குறதுதான்.

வாங்குறவங்க கடையிலயே மோடு மாத்தித் தரச் சொல்லுங்க. சார்ஜ் ஏத்துற எடத்துல உப்பு புடிச்சு ரெண்டாம் மாசமே பச்சை பூத்துருச்சு, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவித் தொடச்சு வைங்க. அதுக்கு ஒன்னு கழிச்சுக்கிறேன், 5க்கு 4.