சுத்தியலா, மேலெழுத்தா, தொலைத்த சாவியா?

ஒரே வாரத்தில் நான்கு பழைய கணினிகளை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு மேசைக் கணினிகளில் சுழலும் ஹார்டு டிஸ்க். ஒரு லேப்டாப்பில் சாட்டா எஸ்எஸ்டி, இன்னொன்றில் என்விஎம்இ எஸ்எஸ்டி (எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க்; சாட்டாவும் என்விஎம்இயும் அதை இணைக்கும் இரண்டு விதங்கள்). லேப்டாப்கள் இரண்டும் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு, மேசைக் கணினிகள் மறுசுழற்சிக்கு. உள்ளே பல வருடக் குடும்பப் படங்கள், வரிக் கணக்கு, வங்கி அறிக்கைகள், அடையாள அட்டை ஸ்கேன்கள். இதையெல்லாம் யாரும் மீட்டெடுக்க முடியாதபடி அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வேறு வேறு டிஸ்க் என்பதால் வேறு வேறு வழி தேவைப்பட்டது. அப்படித்தான் நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தது.

டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதையும் குவிக் ஃபார்மட்டையும் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. இரண்டும் பொருளடக்கத்தைக் கிழிக்கிற வேலை, சுழலும் டிஸ்கில் பக்கங்கள் அப்படியே இருக்கும். ஃபோட்டோரெக் மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும், படங்கள் வரிசையாக எழுந்து வரும். 2003-இல் கார்ஃபிங்கல், ஷெலட் என்ற இரு எம்ஐடி ஆய்வாளர்கள், தாங்கள் விலைக்கு வாங்கிய 158 பழைய டிஸ்குகளைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. விற்றவர்களில் பலர் ‘அழித்துவிட்டோம்’ என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரி, உருப்படியான வழிகளுக்கு வருவோம்.

சுழலும் டிஸ்குக்கு மேலெழுதுவதுதான் பழைய, நம்பகமான முறை. டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தையோ குப்பை எழுத்தையோ நிரப்பிவிடுவது. இதற்கான மென்பொருள்களில் முன்பு டிபான் பிரபலம். இப்போது அதன் வழிவந்த என்வைப், அதைப் பென்டிரைவிலிருந்தே ஓடவைக்கும் ஷ்ரெட்ஓஎஸ். எத்தனை தடவை எழுதுவது என்பதில்தான் மூடநம்பிக்கை அதிகம். 35 தடவை என்ற கணக்கு, 1996-இல் பீட்டர் கட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பல வகை டிஸ்குகளுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. இன்றைய டிஸ்குக்கு அதை முழுதாக ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று பின்னால் அவரே எழுதிவிட்டார். ஒரு டெராபைட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். 35 சுற்று என்றால் நான்கு நாள். நான் ஒரே சுற்று பூஜ்யம் எழுதி, இன்னொரு சுற்று படித்துச் சரிபார்த்தேன். மாலை தொடங்கியது, தூங்கப் போகும் முன் முடிந்தது.

ஒரு சின்ன ஓட்டை உண்டு. கெட்டுப்போன செக்டர்களை (டிஸ்கின் சிறு சேமிப்புக் கட்டங்களை) டிஸ்க் தானாகவே ஓரங்கட்டி, அவற்றுக்குப் பதில் வேறு இடத்தைக் கொடுத்துவிடும். ஓரங்கட்டியதை நாம் மேலெழுத முடியாது. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரம், என் டிஸ்கில் அப்படி மூன்று செக்டர்களைக் காட்டியது. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். உங்கள் டிஸ்கில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் விடாதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு இந்த முறை பொருந்தாது. நாம் ஓரிடத்தில் எழுதச் சொன்னால் அது தேய்மானத்தைச் சமப்படுத்த வேறொரு இடத்தில் எழுதும். போதாததற்கு நம் கண்ணுக்கே தெரியாத உபரி இடத்தையும் வைத்திருக்கும். அதனால் டிஸ்கிடமே ‘உன்னை நீயே அழித்துக்கொள்’ என்று சொல்லும் கட்டளைதான் சரி: சாட்டாவுக்கு செக்யூர் இரேஸ், என்விஎம்இக்கு ஃபார்மட் அல்லது சானிடைஸ். சாட்டா லேப்டாப்பில் இதைச் செய்யப் போனபோது டிஸ்க் ‘ஃப்ரோசன்’ என்று சொல்லி மறுத்தது. வைரஸ் ஏதும் இப்படிக் கட்டளை கொடுத்துவிடக் கூடாதென்று கணினி கிளம்பும்போதே பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) போடும் பூட்டு அது. லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் விலகிவிடும். மூடியை மூடினேன், விளக்கு அணையும்வரை காத்திருந்தேன், திறந்தேன், விலகியது. அழிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யுஎஸ்பி பெட்டியில் போட்டு இணைத்தால் இந்தக் கட்டளை பல நேரம் டிஸ்கைப் போய்ச் சேராது, நேரடியாக இணைத்துச் செய்யுங்கள்.

வேகம் சரி, நம்பிக்கைதான் உதைக்கிறது. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் எஸ்எஸ்டிகளைச் சோதித்தபோது, ‘அழித்தாயிற்று’ என்று பதில் சொன்ன ஒன்றில் தரவு அப்படியே இருந்தது. இன்றைய டிஸ்குகள் எவ்வளவோ தேறியிருக்கும். ஆனால் அதை வீட்டில் சரிபார்க்க வழியில்லை. அழித்த பிறகு படித்துப் பார்த்தேன், எல்லாம் பூஜ்யம். அதற்கு அதிக மதிப்பில்லை என்பது பிறகுதான் உறைத்தது. முகவரி நீக்கப்பட்ட இடத்தைக் கேட்டால், தரவு இருக்கும் சில்லை (சிப்பை) தொடாமலேயே பூஜ்யம் என்று சொல்லிவிட எஸ்எஸ்டியால் முடியும். சானிடைஸ் கட்டளையை என் வாழ்நாளில் ஒரே ஒரு டிஸ்கில்தான் ஓட்டியிருக்கிறேன், ஆகவே அதைப் பற்றிப் பெரிதாகப் பேச மாட்டேன்.

சுத்தியலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. லேப்டாப் ஹார்டு டிஸ்குகளில் பலவற்றுக்குள் கண்ணாடித் தட்டு இருக்கும், அடித்தால் தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு போடாமல் தொடாதீர்கள். எஸ்எஸ்டியில் ஒரு துளை போட்டுவிட்டு நிம்மதி அடையவும் முடியாது. ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும். காந்தம் காட்டினால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது.

இனி நான் சாய்ந்த பக்கம். வாங்கிய நாளிலேயே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டு (சாவி இல்லாமல் படிக்க முடியாத சங்கேதமாகப் பூட்டிவிட்டு), அனுப்பும் நாளில் சாவியை மட்டும் அழிப்பது. விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ், மேக்கில் ஃபைல்வால்ட். என்விஎம்இ லேப்டாப்பை முதல் நாளே லக்ஸில் பூட்டியிருந்தேன். சாவிப் பகுதியை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன், ஒரு நொடியில் வேலை முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் மேலே சொன்ன சானிடைஸையும் ஓட்டினேன்.

ஆனால் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஒரு நொடி காரணமில்லை. இரண்டாவது மேசைக் கணினிதான் காரணம். பொத்தானை அழுத்தினால் டிஸ்கிலிருந்து டக், டக், டக் என்று சத்தம், அப்புறம் அமைதி. பயாஸுக்கு அது இருப்பதே தெரியவில்லை. மேலெழுத முடியாது, கட்டளையும் போய்ச் சேராது. ஆனால் உள்ளே தட்டில் எழுதியவை எழுதியபடி இருக்கின்றன. தரவு மீட்பு நிலையத்தில் கொடுத்தால் எடுத்துவிடக்கூடும். அழிக்கிற வழிமுறைகள் எல்லாமே டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. வீட்டிலிருந்து போகும் டிஸ்குகளில் எத்தனை உயிரோடு போகின்றன?

இதற்கு முந்தைய வருடம் வேறொரு எஸ்எஸ்டி உத்தரவாதக் காலத்திலேயே செத்தது. புதியது தருகிறோம், பழையதை அனுப்புங்கள் என்றார்கள். டிஸ்கை இயக்கும் கன்ட்ரோலர் செத்தாலும் சில்லில் தரவு இருக்கும், என்கிரிப்ட் செய்திருக்கவில்லை. மனம் வரவில்லை, உத்தரவாதத்தை விட்டுவிட்டுச் சொந்தக் காசில் வாங்கினேன். பூட்டியிருந்தால் கவலையில்லாமல் பார்சல் கட்டியிருப்பேன். பழுதுபார்க்கக் கொடுப்பது, திருட்டுப் போவது, பயணத்தில் தொலைப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மேலே சொன்ன ஓரங்கட்டிய செக்டர், எஸ்எஸ்டியின் உபரி இடம் என்ற தலைவலிகளும் போகின்றன. அங்கே எஞ்சியிருப்பதும் பூட்டிய குப்பையே.

இதிலும் கண்ணிகள் உண்டு. டிஸ்க் நிரம்பிய பிறகு பிட்லாக்கரைப் போட்டு, ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பதைத் தேர்ந்தால், முன்பு டெலீட் செய்தவை காலி இடத்தில் பூட்டாமலே கிடக்கும். கடவுச்சொல் சொத்தையாக இருக்கக் கூடாது. அழித்த சாவிப் பகுதியின் பழைய பிரதி எஸ்எஸ்டியின் மூலையில் தங்கியிருந்தால், அப்போது உங்களைக் காப்பது கடவுச்சொல்லின் நீளம் மட்டுமே. டிஸ்குக்குள்ளேயே வரும் வன்பொருள் என்கிரிப்ஷனை மட்டும் நம்பவும் வேண்டாம். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல எஸ்எஸ்டிகளில் அதைத் தாண்டிக் காட்டினார்கள். அதன் பிறகு பிட்லாக்கரே மென்பொருள் வழியை இயல்பாக்கிக்கொண்டது. பிட்லாக்கர் போட்ட கணினியை அப்படியே கொடுப்பதானால், சாவியைக் காத்து வைக்கும் டிபிஎம் சிப்பைக் காலி செய்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்த மீட்புச் சாவியையும் நீக்குங்கள். மேக்கில் நான் செய்து பார்த்ததில்லை.

இன்னொரு விலையும் உண்டு. கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் தொலைந்தால் உங்களுக்கும் அதே கதிதான். காப்புப் பிரதி எடுக்காதவர்கள் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

டக் டக் டிஸ்கை என்ன செய்தேன் என்றால், நட்சத்திர வாய் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், லேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒன்று உட்பட. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இரண்டு அலுமினியத் தட்டுகள். இரண்டையும் வளைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வேறு வேறு நாளில் வெளியேற்றினேன். ஒரு மதியமே போயிற்று. புது லேப்டாப்பில் ஒரு கோப்பைக்கூட நகலெடுக்கும் முன் என்கிரிப்ஷனைப் போட்டாயிற்று. மீட்புச் சாவி ஒரு காகிதத்தில் பீரோவுக்குள் இருக்கிறது. லேப்டாப் போகிற நாளில் அந்தக் காகிதத்தையும் தேடி எடுத்துக் கிழிக்க வேண்டும்.