பாகூர் சாலையில் டியாகோ ஜேடிபி: மூன்று ஆண்டு ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

டாடா மோட்டார்ஸும் கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் இணைந்து உருவாக்கி, 2018 அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி காரை, மூன்று ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் பழைய வண்டியாக வாங்கினேன். முந்தைய உரிமையாளர் சாவியோடு ஒரு தாளையும் கொடுத்தார். எஞ்சினின் மென்பொருளை வெளிக்கடை ஒன்றில் ரீமேப் செய்து குதிரைத்திறனைக் கூட்டியதற்கான சோதனைத் தாள் அது. அவருக்கு அதில் இருந்த பெருமை எனக்கும் அன்று தொற்றிக்கொண்டது.

திண்டிவனம் செல்லும் நான்குவழிச் சாலையில் அந்தத் தாள் சொன்னது உண்மைதான். மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நான் அதிகம் ஓட்டுவது கன்னியக்கோயிலிலிருந்து பாகூர் போகும் சாலையில். இரு பக்கமும் வயல், அடுத்தடுத்து வளைவுகள், எதிரே எப்போது வேண்டுமானாலும் ஒரு டிராக்டர் வரலாம் என்ற எச்சரிக்கை. அங்கே ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காமல், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் திருப்பவும் வேண்டிய அமைப்பு என்பதால், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தம் திடீரென ஏறியபோது ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் இழுத்தது. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தயாரிப்பாளரின் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றச் செய்தேன்.

குதிரைத்திறன் எண் குறைந்தது, நான் வாங்க நினைத்த கார் அன்றுதான் கைக்கு வந்தது. இதன் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 114 பி.எஸ். (குதிரைத்திறனின் ஓர் அலகு) திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், அதாவது சுழற்றும் விசையும், தருகிறது. சாதாரண டியாகோ பெட்ரோலில் அன்று கிடைத்தது 85 பி.எஸ்.; டாடாவின் மற்றொரு காரான நெக்ஸானில் வந்த 1.2 லிட்டர் டர்போவிலோ முறுக்குவிசை 170 நியூட்டன் மீட்டர் வரை இருந்தது. ஆக, இந்த வகை எஞ்சினிலிருந்து இன்னும் அதிக இழுவையைப் பெறுவது இயலாத காரியமன்று. என் அனுபவத்தில், அடக்கமாக விட்டதால்தான் கால் கேட்பதற்கும் சக்கரம் தருவதற்கும் இடையே ஓர் ஒழுங்கு நிற்கிறது. வளைவுக்கு முன் இரண்டாவது கியருக்கு இறக்கி, நடுவில் காலை மெல்ல அழுத்தி, வெளியேறும்போது முழுதும் மிதிக்கும் அந்த மூன்று செயல்களும் தனித்தனியாக உணரப்படுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே இது நிகழ்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இந்தக் கார் எடுத்துக்கொள்வதாகச் சொல்லப்பட்ட நேரம் ஏறக்குறைய 10 வினாடி. இன்று விற்பனையில் உள்ள சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் மின்சார செடான் ‘சீல்’ காரின் உயர்வகை, 530 பி.எஸ். திறனுடன் அதே வேகத்தை 3.8 வினாடியில் எட்டுகிறது. நண்பர் ஒருவரின் சீலில் அமர்ந்து அந்த வேகத்தை அனுபவித்திருக்கிறேன். வியக்கத்தக்க பொறியியல் அது. ஆயினும் அந்த எண், நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில், சாலை காலியாக இருக்கும்போது மட்டுமே வெளிப்படுவது. நம் சட்டம் நகராட்சி எல்லைக்குள் 70, பிரிக்கப்பட்ட நான்குவழிச் சாலையில் 100 என்று கார்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலூர் வரை அந்த 70 கூடப் பல நேரங்களில் கிட்டாது.

எண் மட்டும் ஓட்டும் சுகத்தைத் தராது என்பதை ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களே அறிந்திருக்கிறார்கள். 1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள சிறிய வண்டி. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஒன்றாவது என்ற ஜப்பானியச் சொல்லையே அதன் இலக்கணமாக வைத்தார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86 காருக்கு, அதிகப் பிடிமானமுள்ள அகலமான டயர்களைத் தராமல், சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காரின் டயர் வகையைத் தந்தார்கள். டயர் தன் எல்லையை நெருங்குவதை மிதமான வேகத்திலேயே ஓட்டுபவர் உணர வேண்டும் என்பதே நோக்கம்.

ஜேடிபிக்கும் வரம்புகள் உண்டு. சிறிய டர்போ எஞ்சின்களுக்கே உரிய முறையில் 2,000 ஆர்.பி.எம்.முக்கு (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) கீழே இது சோம்பியிருக்கும். நேரு வீதி நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே கை ஓயாது. இறுக்கிய சஸ்பென்ஷனை என் அம்மா விரும்புவதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இதன் தயாரிப்பு தொடரவில்லை என்பதால், இதற்கென்றே செய்யப்பட்ட பம்பர் போன்றவற்றுக்குக் காத்திருக்க மனம் வேண்டும்.

பழைய வண்டியாக வாங்க நினைப்பவர்கள், ரீமேப் செய்யப்பட்டதா என்பதை முதலில் கேளுங்கள்; கிளட்ச் வழுக்குகிறதா, அதாவது எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாதிருக்கிறதா என்று நான்காவது கியரில் மிதித்துப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க நான்குவழிச் சாலைக்கு அழைத்தால், அங்கிருந்து திரும்பும்போது ஏதேனும் ஓர் ஏரிக்கரைச் சாலையில் பத்து நிமிடமாவது கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய பிறகு விலை பேசுங்கள்.