கேப்பிடோலைன் அருங்காட்சியகம்: பேரரசர் அறைக்குப் பத்து நிமிடம் போதாது

ரோம் நகரின் கேப்பிடோலைன் குன்றின் மேலுள்ள அருங்காட்சியகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் சென்றேன். முதல் நாள் பணம் கட்டிச் சேர்ந்த சுற்றுலாக் குழுவோடு, மறுநாள் தனியாக. குழுவை நடத்திய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்று மணி நேரச் சுற்று என்று சொல்லி அழைத்துச் சென்ற வழிகாட்டி, ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் கதையைச் சொல்லியே பெண் ஓநாய்ச் சிலையின் முன் அரை மணி நேரத்தைச் செலவிட்டுவிட்டு, 67 மார்பளவுச் சிலைகள் உள்ள பேரரசர் அறையைப் பத்து நிமிடத்தில் கடத்திவிட்டார். ஓநாயின் மடியில் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை என்பதையோ, ஓநாயே இடைக்காலத்தில் வார்க்கப்பட்டதாக இருக்கலாம் என்று அண்மைய காலக்கணிப்புகள் எழுப்பிய விவாதத்தையோ அவர் தொடவே இல்லை. ஆகவே இந்த மதிப்புரை பெரும்பாலும் இரண்டாம் நாளைப் பற்றியது.

பேரரசர் அறை, சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் உள்ள பலாட்ஸோ நுவோவோ கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. கார்டினல் அல்பானியின் சேகரிப்பை 1733இல் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் இது. சுவரையொட்டி இரண்டு அடுக்குப் பளிங்குத் தட்டுகளில் பேரரசர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கால வரிசைப்படி அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். மேல் தட்டில் உள்ளவர்களைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது. பல முகங்களின் மூக்கு 17, 18ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஒட்டியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கை வைத்து ஒருவரின் குணத்தைக் கணிக்கும் பழக்கம் இந்த அறையில் செல்லாது.

பார்க்க வேண்டியது முடியைத்தான். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் உருவங்களை அறிஞர்கள் இனம் காண்பது நெற்றியில் விழும் மயிர்க்கற்றைகளைக் கொண்டு: ஓரிடத்தில் கவட்டை போலப் பிரிந்தும், பக்கத்தில் இடுக்கி போல வளைந்தும் இருக்கும் அந்த அமைப்பு, ரோமில் செய்த ஒரு மூல உருவத்திலிருந்து பேரரசு முழுவதும் படியெடுக்கப்பட்டதால் எங்கும் மாறாமல் வருகிறது. 75 வயது வரை வாழ்ந்த மனிதர், சிலைகளில் மட்டும் மூப்படையவே இல்லை. இந்த முகங்கள் நாணயங்களிலும் ஏறிக் கடல் கடந்தன. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டு விழுந்திருப்பது, அந்த முகத்துக்குத் தமிழ் மண்ணில் இருந்த மதிப்பு பொன்னின் எடைக்கு மட்டும்தானோ என்று என்னை நினைக்க வைத்ததுண்டு.

ஹேட்ரியனுக்கு வரும்போது இரண்டு மாற்றங்கள் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. முகம் மழித்த பேரரசர்களின் வரிசையில் முதன்முதலாக முழுத் தாடி வைத்தவர் அவர். அவர் காலத்தை ஒட்டித்தான், அதுவரை வண்ணத்தால் தீட்டப்பட்டு வந்த கருவிழியை வட்டமாகக் கீறி, கண்மணியைக் குழித்துக் காட்டும் வழக்கம் பளிங்கில் பரவியது. வண்ணம் எல்லாம் உதிர்ந்துவிட்ட இன்றைய நிலையில், அவருக்கு முந்தையவர்கள் வெற்று விழியோடு நிற்க, பிந்தையவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் டீசியஸின் தலையருகே நான் வெகுநேரம் நின்றேன். நெற்றியில் ஆழமான கோடுகள், ஒட்ட வெட்டிய முடி, எங்கோ பக்கவாட்டில் ஓடும் கவலைப் பார்வை. 249இல் ஆட்சிக்கு வந்து 251இல் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாருடனான போரில் மாண்டவர் அவர்.

இந்த அறையில் என்னை அதிகம் வியக்க வைத்தது ஓர் அரசர் அல்ல, ஃபிளேவிய பாணி (முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ஃபிளேவிய மரபினர் காலப் பாணி) சிகையலங்காரத்துடன் உள்ள பெண்ணின் தலை. நெற்றிக்கு மேல் விசிறிபோல் உயரும் சுருள்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் துளைக்கருவியை ஆழமாக இறக்கியிருக்கிறார் சிற்பி. தேன்கூடு போன்ற அந்தக் குழிகளில் நிழல் தங்குவதால், மழமழவென்ற கன்னம் இன்னும் மென்மையாகத் தெரிகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், பின்தலையில் சடைகளைப் பின்னிச் சுருட்டிக் கொண்டையிட்டிருப்பதும் தெரியும்.

எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிக் கூடத்தில் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் குதிரைச் சிலை இருக்கிறது. வெளியே சதுக்கத்தில் நிற்பது பிரதி. நான்கு மீட்டருக்கும் மேல் உயரமான இந்த வெண்கலம் இடைக்காலத்தில் உருக்கப்படாமல் தப்பியது, இதைக் கிறித்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று மக்கள் தவறாக நினைத்ததால். சேணத்தில் கால் ஊன்றும் அங்கவடியை அறியாத காலத்துக் குதிரையேற்றம் என்பதால், அவருடைய கால்கள் பிடிமானமின்றித் தொங்குவதைக் கவனியுங்கள். பொன்முலாம் இன்னும் ஆங்காங்கே ஒட்டியிருக்கிறது. அதே கூடத்தின் ஒரு பக்கத்தில் ஜுபிடர் கோயிலின் அடித்தளக் கற்கள், கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அப்படியே விடப்பட்டுள்ளன. பலர் அவற்றைச் சுவர் என்று எண்ணிக் கடந்து போகிறார்கள்.

உண்மையான கான்ஸ்டன்டைன் முற்றத்தில் துண்டு துண்டாகக் கிடக்கிறார். மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொதுமண்டபத்தில் 1486இல் கிடைத்த இந்தத் துண்டுகளில் தலை மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 2024 பிப்ரவரியில் பக்கத்துத் தோட்டத்தில் 13 மீட்டர் உயர மறுஆக்கம் ஒன்று நிறுவப்பட்டது. கல்வியளவில் அது பயனுள்ளது, உட்கார்ந்த உருவத்தின் அளவு அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் பளபளக்கும் அந்த முழு உருவத்தைவிட, நரம்பு புடைத்த ஒற்றைப் பாதமே அதிகாரத்தை எனக்கு நன்றாக உணர்த்தியது.

செல்பவர்களுக்கு ஒரு யோசனை. நுழைவாயிலில் கூட்டத்தோடு மாடியேறாமல், நேரே கீழிறங்கி இரு கட்டடங்களையும் இணைக்கும் சுரங்கப்பாதையைப் பிடியுங்கள். காலையில் பேரரசர் அறை ஏறக்குறைய உங்களுடையதாக இருக்கும். திரும்பும் வழியில் கி.மு. 78ஆம் ஆண்டைச் சேர்ந்த டேபுலாரியம் என்ற பழைய ஆவணக் கட்டடத்தின் வளைவுகளின் ஊடே, பண்டைய நகரின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரம் முழுவதையும் பார்க்கலாம். தனியாகச் செல்வதானால் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், ஓநாயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.