பழைய ஜப்பான் டர்போ வண்டிக்கு உச்சிப்புளி பக்கம் ஒரு நல்ல பட்டறை

ராம்நாட்டுல இருந்து மண்டபம் போற ரோட்டுல உச்சிப்புளி தாண்டி கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு இந்த பட்டறை. பெரிய போர்டெல்லாம் கெடையாது, தகர ஷெட்டு, ரெண்டு வண்டி நிக்கிற எடம், வாசல்ல ஒரு வேப்பமரம், அவ்ளோதான். நம்ம பக்கம் பழைய இன்னோவா, பஜேரோ வச்சிருக்கவங்க டர்போல (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற பாகம்) ஏதாச்சும் சத்தம் வந்தாலே நேரா மதுரைக்கு ஓடுறாங்க. அவங்களுக்காகத்தான் எழுதுறேன், மொதல்ல இங்க காட்டுங்க.

பட்டறைய நடத்துறவரு கீழக்கரைக்கார பாய், ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியால வருஷக்கணக்கா வேலை பாத்துட்டு ஊருக்கு திரும்புனவரு. நிசான் பேட்ரோல் ஜீப்பு, டொயோட்டா சூப்ரா ஸ்போர்ட்ஸ் காருன்னு அங்க டர்போ வேலைக்கு வந்த வண்டியெல்லாம் கையால பிரிச்சு மாட்டுனவருன்றதால பேச்சுலயே ஆள் வெயிட்டு தெரியும். நம்ம பசங்க வீடியோ பாத்துட்டு "பாய், சூப்ரால ஆயிரம் குதிரை ஏத்துறாங்க, நம்ம டொயோட்டாவும் தாங்கும்ல"ன்னு கேப்பாங்க. அதுக்கு பொறுமையா பதில் சொல்லுவாரு. 1993 சூப்ரால வந்த 2ஜேஇசட் இன்ஜின் மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக்கு, ஜப்பான் கம்பெனிங்க தங்களுக்குள்ள பேசி வச்ச வரம்புனால பேப்பர்ல 280 பி.எஸ் (குதிரைத்திறன்)னு போட்டாங்களே தவிர உள்ள தாங்குற சக்தி அதவிட எவ்வளவோ அதிகம், அத வச்சு வீட்டு டீசல் வண்டிய கணக்கு போடக் கூடாதும்பாரு.

என் வண்டி 2009 இன்னோவா, 2.5 டீசல், 2கேடி இன்ஜின். கம்பெனி குடுக்குறது 102 பி.எஸ், 200 நியூட்டன் மீட்டர் டார்க்கு. டர்போ இருக்கு, இன்டர்கூலர் கெடையாது. டர்போ காத்த அமுக்குறப்ப காத்து சூடாயிரும், சூடான காத்து லேசாயிரும், ஒரே எடத்துல அடங்குற ஆக்சிஜன் கொறையும், அதனால அத ஆற வச்சு உள்ள அனுப்பத்தான் இன்டர்கூலர். சித்திரை வெயில்ல ஏழு பேர ஏத்தி ஏசி போட்டு பாம்பன் பாலம் ஏறுனவங்களுக்கு இது இல்லாத கொறை நல்லாவே தெரியும். இன்டர்கூலர் மாட்டி, லேசா ஒரு ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூல செட்டிங் மாத்துறது) பண்ணலாம்னுதான் போனேன்.

பாய் பானட்ட தொறக்குறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடில போயிட்டாரு. இன்ஜினுக்கு அடில ஆயில் தேங்குற சம்ப்ப எறக்கி, ஆயில் உறிஞ்சுற ஸ்ட்ரெய்னர கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு காட்டுனாரு பாருங்க, வலையில பாதிக்கு மேல தார் அப்புன மாதிரி அடச்சு கெடக்கு, விரல் நகத்தால சுரண்டுனா கட்டி கட்டியா உதிருது. இந்த இன்ஜின்ல இது தெரிஞ்ச வியாதி. இன்ஜெக்டருக்கு அடில இருக்க செப்பு வாஷர் லீக் ஆச்சுன்னா எரியிற கேஸ் மேல ஏறி ஆயிலோட கலந்து கரி கட்டும், அந்த கரி சம்ப்புல எறங்கி ஸ்ட்ரெய்னர அடைக்கும், ஆயில் ஓட்டம் கொறையும், டர்போ பேரிங் காயும், அப்புறம் கிராங்க் வரைக்கும் போகும். "தம்பி, இதோட பவர் ஏத்திருந்தீங்கன்னா பாலத்து நடுவுலயே வண்டி நின்னுருக்கும்"ன்னாரு. நாலு வாஷரும் மாத்தி, ஸ்ட்ரெய்னர கழுவி, சம்ப்ப மறுபடி சீல் பண்ணிட்டுத்தான் அடுத்த வேலைக்கே வந்தாரு. இந்த ஒரு காரணத்துக்கே நான் இவருக்கு முழு மார்க் போடுவேன்.

அடுத்து டர்போ. இன்டேக் பைப்ப கழட்டி காத்த அமுக்குற கம்ப்ரசர் வீல் நட்ட ரெண்டு விரலால பிடிச்சு மேல கீழ ஆட்டுனாரு, முன்னாடி பின்னாடி இழுத்தாரு. மேல கீழ சின்னதா ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலம் நிக்க எடம் வேணும்ல, ஆனா முன்ன பின்ன கையில தெரியிற மாதிரி ஆட்டம் இருந்தா டர்போ முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். என் கையையும் வச்சு பாக்க சொன்னாரு. எந்த மெக்கானிக் இப்டி சொல்லித் தர்றாங்க?

இன்டர்கூலர் மாட்டுன வேலையில உப்புக்காத்த மனசுல வச்சு பண்ணிருக்காரு, அதுதான் வெளியூர் கடைக்கும் இவருக்கும் வித்தியாசம். அலுமினிய இன்டர்கூலர நேரா இரும்பு பிராக்கெட்டுல முடுக்குனா நம்ம கடலோரத்துல சீக்கிரமே அந்த எடம் அரிச்சுரும், அதனால நடுவுல ரப்பர் புஷ் குடுத்து, கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ்ல போட்டாரு. சிலிகான் ஹோஸ் மாட்டுன பெறகு காத்த அடச்சு ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்புத்தண்ணி தடவி குமிழி வருதான்னு பாத்தாரு.

கோன் ஃபில்டர் (பாக்ஸ் இல்லாம மாட்டுற கூம்பு ஏர் ஃபில்டர்) கேட்டா மாட்ட மாட்டாரு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தனுஷ்கோடி ரோட்டுல, அதுவும் அரிச்சல்முனை பக்கம், மணல் ரோட்டுக்கு குறுக்க ஓடுறத பாத்தவங்களுக்கு காரணம் சொல்ல வேண்டியதில்ல. அந்த மணல் உள்ள போனா கம்ப்ரசர் பிளேடு முனை தேஞ்சுரும். கம்பெனி பாக்ஸு, கம்பெனி பேப்பர் ஃபில்டர், அத மட்டும் அடிக்கடி மாத்துங்கன்னாரு. ஆன்லைன்ல விக்கிற டியூனிங் பாக்ஸும் வேணாம்னுட்டாரு. இன்ஜெக்டருக்கு போற டீசலோட அழுத்தத்த (ரெயில் பிரஷர்) கம்மியா காட்டி ஈசியூவ ஏமாத்தி, பம்ப்ப கூட அமுக்க வைக்கிறதுதான் அதுல பாதிக்கு மேல பண்ற வேலை, பழைய பம்ப்பு, பழைய இன்ஜெக்டரு, எதுக்கு அந்த வம்பு. ரீமேப்புக்கு வெளியூர்ல இருந்து ஒருத்தர் லேப்டாப்போட வர்றாரு, டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல டெம்பரேச்சர் சென்சார் வச்சு ஓட்டிப் பாத்து, லோடுல 700 டிகிரிய தாண்டாம நிறுத்திட்டாங்க. இ.ஜி.ஆர (எக்ஸாஸ்ட் புகைல கொஞ்சத்த திருப்பி இன்ஜினுக்கு அனுப்புற வால்வு) அடைக்க சொன்னா அதுவும் மாட்டாரு, கழட்டி கரி எடுத்து திருப்பி மாட்டுவாரு.

இப்ப வண்டி எப்டி ஓடுதுன்னா, பவர அளக்குற டைனோ மெஷின் இங்க கெடையாது, அதனால எத்தன குதிரை ஏறுச்சுன்னு நம்பர் போட மாட்டேன். ஆனா மத்தியான வெயில்ல ஃபுல் லோடோட ஈசிஆர்ல ஓவர்டேக் எடுக்குறப்ப நாலாவது கியர்லயே இழுக்குது, முன்னாடி மூணுக்கு எறங்காம முடியாது. ஆயில் சூடும் கட்டுக்குள்ள இருக்கு.

கொறையும் இருக்கு. பைப் நீளமானதால கீழ் ஆர்பிஎம்ல டர்போ எழும்ப ஒரு நொடி கூட ஆகுது. கண்டன்சர் முன்னாடி இன்டர்கூலர் ஒக்காந்ததால ராமேஸ்வரம் கோயில் பக்கம் கூட்டத்துல ஊர்ந்து போறப்ப ஏசி கொஞ்சம் கம்மிதான். சாமான் மதுரைல இருந்து வரணும், சொன்ன தேதிக்கு வண்டி கெடைக்கும்னு நம்பி கல்யாணத்துக்கு பிளான் போடாதீங்க. பில்லு 60 ஆயிரத்த தாண்டிருச்சு, ஆனா கழட்டுன பழைய சாமான் ஒன்னு விடாம பையில போட்டு குடுத்தாரு, ஒவ்வொன்னுக்கும் ரேட்டு தனியா எழுதியிருந்தாரு. இன்னொன்னு, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்ப மாத்துறது சிக்கல், ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டு பக்கமும் கேள்வி வரலாம், இத பாயே வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டாரு. யோசிச்சு முடிவு பண்ணுங்க.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சுதான் தொறப்பாரு, சாயங்காலம் போனா ஆளு நிதானமா பேசுவாரு. போறதுக்கு முன்னாடி புது ஆயில் ஊத்திட்டு போகாதீங்க. பழைய ஆயிலோடயே போங்க, அத வடிச்சு துணில தடவிப் பாத்தே இன்ஜின் நெலமைய பாதி சொல்லிருவாரு.